வயலின்களுக்கு மேலே ஒரு சத்தம்

போன மாதம் தர்சிகா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் வேலை செய்த ஒலிப்பதிவுக் கூடத்தில், என் கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். இசை எழுதும் மென்பொருளின் புதிய பதிப்பு அங்கிருக்கும் கணினியில் ஓடாது என்று திரையில் செய்தி வந்திருக்கிறதாம். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இது பழைய மிசின், உடனே மாற்றுங்கள் என்கிறாராம். கையில் ஒரு குறும்படத்துக்கான இசை பாதியில் நிற்கிறது. மாற்றுவதா, விடுவதா, மாற்றுவதென்றால் எப்போது என்று கேட்டாள்.

கையிலுள்ள வேலை முடியும்வரை எதையும் தொடாதே என்று சொன்னேன். முடிந்த பிறகும், பழைய கணினியை ஒன்றரை மாதமாவது புதியதற்குப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒரே இசையை இரண்டிலும் போட்டுக் கேட்ட பின்தான் பழையதை நிறுத்தவேண்டும் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். இந்த இரண்டையும் எனக்குச் சொல்லித் தந்தவர் அருளப்பு மாஸ்டர். மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. அது அவர் சொல்லித் தந்ததல்ல, எங்கள் இருவருக்கும் நேர்ந்தது. தொலைபேசியில் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

நான் குருநகர்ப் பெண். அப்பாவுக்குக் கடற்றொழில். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பழகி, பாடகர் குழுவுக்கு இசைத்தாள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் எழுத்து சுத்தமாக இருக்கிறதென்று மாஸ்டர் என்னைப் பிரதி எடுக்கக் கூப்பிட்டார். அவர் கோயில் ஓர்கன் வாசிப்பவர், பள்ளிக்கூட பாண்ட் குழுக்களைப் பழக்கியவர். நான்கு வருடம் அவர் எழுதியதைப் பிரதி எடுத்தேன். பிறகு அவர் மெட்டை மட்டும் எழுதித் தருவார், மற்ற வாத்தியங்களை நான் நிரப்புவேன். என் படிப்பெல்லாம் அவ்வளவுதான்.

சண்டை ஓய்ந்து கொழும்புக்குப் பாதை திறந்து, மின்சாரமும் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு, திருநெல்வேலியில் பலாலி வீதியில் ஒரு கடையின் மேல்மாடியில் இரண்டு அறை எடுத்தார். கொழும்பிலிருந்து முதல் கணினி வந்தது. எங்கோ ஐரோப்பாவில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து விற்ற ஒலிகள் அதற்குள் இருந்தன. கணினியோடு இணைத்த கட்டைப்பலகையில் நான் ஒரு கட்டையை அழுத்தினால், முகம் தெரியாத பதினாறு பேர் ஒன்றாக வில்லை இழுப்பார்கள். இயேசுவின் திருப்பாடுகளின் நாடகம், நாட்டிய நாடகம், குறும்படம், பக்திப்பாடல் என்று எங்களிடம் வந்த வேலைகளுக்கு அறுபது பேர் கொண்ட வாத்தியக்குழுவின் இசையை நாங்கள் இரண்டு பேர் செய்துகொடுத்தோம்.

உண்மையில் பெரும்பாலான நேரம் நான் ஒருத்திதான். மாஸ்டர் காலையில் வந்து தாளைத் தந்துவிட்டு, ஓர்கன் வகுப்புகளுக்குப் போய்விடுவார். நான் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஹெட்போனைப் போட்டுக்கொள்வேன். முதலாம் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செலோ என்று ஒவ்வொருவராக நானே வாசித்துப் பதிவேன். மதியம் கழற்றும்போது வீதியில் பஸ் போகும் சத்தம் வேறு யாருடைய ஊரிலோ கேட்பதுபோல இருக்கும். என்னோடு படித்தவர்கள் கலியாணம் செய்து போனார்கள். தம்பி பிரான்சுக்குப் போனான். நீ நாள் முழுக்க ஆரோடை கதைக்கிறனி என்று அம்மா ஒருநாள் கேட்டா. சொல்ல ஒரு பெயரும் எனக்கு வரவில்லை.

கணினியை மாற்றும் விஷயத்தில் மாஸ்டரிடம் ஒரு நடைமுறை இருந்தது. புதிய கணினி வேண்டும் என்று வாயால் கேட்க முடியாது. எழுதிய இசைத்தாளை எடுத்து, கணினி தாங்காததால் எங்கெல்லாம் நான் குறைத்து எழுதினேனோ அங்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். இந்த இடத்தில் கொம்பு வாத்தியம் நான்கு வேண்டும், இரண்டுதான் போட்டேன். இந்த இடத்தில் செலோவும் பாஸும் சேர்ந்தால் ஒலி வெடிக்கிறது, ஆகவே பாஸை எடுத்துவிட்டேன். இப்படி. வேலை முடிந்து கொடுத்த பிறகு அந்தத் தாளை அவர் மேசையில் வைப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வட்டம் வட்டமாகப் பார்ப்பார். அநேகமானவற்றுக்குப் பக்கத்தில், ‘இது கணினியின் குறையல்ல, எழுதியவரின் குறை’ என்று சிறிய எழுத்தில் எழுதுவார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. நான்கு கொம்பு கேட்ட இடத்தில் இரண்டே போதும் என்று நானே பிறகு கண்டுகொள்வேன். அவர் ஒப்புக்கொண்ட வட்டங்கள் ஒரு வேலையில் பத்தைத் தாண்டினால்தான் புதிய கணினிப் பேச்சு. கடைசியில் ஹெட்போனைப் போட்டு அந்த இடங்களைத் தானே கேட்பார். காது கேட்டால் மாற்றுவோம், கடை கேட்டால் மாற்றமாட்டோம் என்பது அவருடைய கணக்கு. அந்த நடைமுறையால் எங்கள் முதல் கணினி ஒன்பது வருடம் ஓடியது. அதில் ஏழு வருடம் நியாயமாக ஓடியது.

கணினியால் எல்லா வாத்தியங்களையும் ஒரே நேரத்தில் தாங்க முடியாததால், பகுதி பகுதியாகப் பதிந்தோம். முதலில் வயலின்களை மட்டும் ஓடவிட்டு, அந்த ஒலியைக் கம்பிவழி மிக்சருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திரும்பக் கணினிக்குள் பதிவோம். பிறகு செலோ, பிறகு குழல்கள். கணினிக்குள்ளேயே அதைச் செய்திருக்கலாம். மாஸ்டர் விடமாட்டார். ஒலி ஒருமுறை வெளியே வந்து போனால்தான் அதற்குச் சூடு ஏறும் என்பார்.

ஏழாவது வருடத்தில், வயலின்களுக்கு மேலே, மிக உயரத்தில், மெல்லிய ஊசி போன்ற ஒரு கூவல் எனக்குக் கேட்கத் தொடங்கியது. கணினியின் ஒலி அட்டை பழுதடைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை ஒலி வெளியே போய் வரும்போதும் அந்தக் கூவலும் கூடவே பதிந்தது. எட்டுத் தடவை பதிந்தால் எட்டு மடிப்பாகச் சேர்ந்தது.

மாஸ்டரிடம் சொன்னேன். ஹெட்போனைப் போட்டு, கண்ணை மூடி, ஒரு நிமிடம் முழுவதும் கேட்டார். ஒன்றுமில்லை என்றார். நீ களைத்துவிட்டாய், இரண்டு நாள் வீட்டில் நில் என்றார். இரண்டு நாள் நின்று வந்தேன். கூவல் அப்படியே இருந்தது.

அடுத்த கிழமை அவர் என் பக்கத்தில் இருந்து தாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கைக்கடிகாரம் மணிக்கு ஒருமுறை அடிக்கும் கீச்சென்ற ஒலியை அடித்தது. அவர் தலை தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நேரம் பத்தாச்சோ என்று என்னிடம் கேட்டார். கடிகாரம் அவர் கையில்தான் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. உயரமான ஒலிகள் அவர் காதைவிட்டுப் போய்விட்டன. அது அவருக்கே தெரியாது.

அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்பது பாதி உண்மைதான். அவருடைய வாழ்க்கை முழுவதும் காது. ஒரு பாண்ட் குழுவில் நாற்பது பிள்ளைகள் ஊதும்போது, பின்வரிசையில் எவன் பிழையாக ஊதினான் என்று திரும்பிப் பார்க்காமல் பெயர் சொல்லுவார். அந்த மனிதரிடம் போய், மாஸ்டர், உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. அதோடு, சொன்னால் இந்தக் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்ற பயமும் இருந்தது. அவரும் வராவிட்டால் எனக்கு அங்கே ஒருவருமில்லை.

ஆகவே, அவர் இல்லாத நேரத்தில் அந்தக் கூவலை நானே வெட்டிவந்தேன். வெட்டினால் வயலின்களின் பளபளப்பும் சேர்ந்து போகும். மங்கலான வயலின்களை மாஸ்டர் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்பார். சிவப்பு வட்டங்கள் போட்ட தாள்களை இரண்டுமுறை வைத்துப் பார்த்தேன். இரண்டுமுறையும் கேட்டுவிட்டு, பழைய கணினியே போதும் என்றார். இப்படி இரண்டு வருடம் போனது.

ஒன்பதாவது வருடம், கரையோரக் கோயில் பங்கு ஒன்று பெரிய வெள்ளி வரும் பெரிய கிழமையில் மேடையேற்றும் திருப்பாடுகளின் நாடகத்துக்கு முழு இசையும் எங்களிடம் கேட்டது. எண்பது நிமிடம். நாங்கள் செய்த வேலைகளில் அதுதான் பெரியது. பூங்காவனக் காட்சியில் இயேசு தனியே செபிக்கும்போது, எல்லா வாத்தியங்களும் ஓய்ந்து, வயலின்கள் மட்டும் உச்சியில் நிற்கவேண்டும் என்று மாஸ்டர் எழுதியிருந்தார். அந்த இடத்தில் கூவலை வெட்டினால் வயலின்களே இறந்துபோயின. பாதி வெட்டி, பாதி விட்டேன். ஹெட்போனில் கேட்க அவ்வளவு மோசமில்லை என்று என்னை நானே நம்பவைத்தேன்.

நாடகம் மாலை ஆறரைக்குத் தொடங்கியது. கோயில் வளவில் மணலில் பாய் விரித்து, முன்னால் பிள்ளைகளும் பின்னால் பெரியவர்களும் இருந்தார்கள். வசனம் கடைசி வரிசைவரை கேட்கவேண்டுமென்று ஒலிபெருக்கிக்காரர் உயர்ந்த ஒலிகளைக் கூட்டி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. மாஸ்டரும் நானும் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றோம்.

பூங்காவனக் காட்சி வந்தது. இயேசுவாக நடித்தவர் முப்பது வயதுக் கடற்றொழிலாளி. அவர் முழந்தாளிட்டார். வயலின்கள் ஏறின. அவற்றுக்கு மேலே அந்தக் கூவல், என் அறையில் ஊசியாக இருந்தது, வெளியில் கம்பியாக வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். ஒரு கைக்குழந்தை வீரிட்டது, பிறகு இன்னொன்று. தாய்மார் எழும்பத் தொடங்கினார்கள். மேடையில் இருந்தவர் வசனத்தை நடுவில் விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தார். பங்குத்தந்தை ஓடிவந்து கையைக் காட்ட, ஒலிபெருக்கிக்காரர் இசையை முழுதாகக் குறைத்தார். மிச்ச நாடகம் இசையில்லாமலே நடந்தது.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

“ஏன் பிள்ளை குறைச்சவை?”

“ஒரு கூவல் சத்தம் மாஸ்டர். வயலினுக்கு மேலை.”

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே.”

அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“உனக்கு முதலே கேட்டதோ?”

“ஓம்.”

“எப்ப தொடக்கம்?”

“ரெண்டு வருசமா.”

அவர் கடைசிவரை நின்று நாடகத்தைப் பார்த்தார். முடிந்ததும் பங்குத்தந்தையிடம் போய், பிழை முழுக்கத் தன்னுடையது என்று சொன்னார். நான் வாய் திறக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிறகு என்னைக் கூப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் அவர் கூடத்துக்கு வரவில்லை. நான் தினமும் போய்த் திறந்து, கணினியைப் போடாமல் இருந்துவிட்டு வந்தேன். பதினோராம் நாள் வந்தார். ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்த தாளைக் கட்டைப்பலகைமேல் விரித்து வைத்தார். கோடு இடதுபக்கம் நேராக வந்து, நடுவில் படிக்கட்டுப்போல இறங்கி, வலதுபக்கம் அடியிலே கிடந்தது. அந்தக் கோட்டில் விரலை வைத்து, வயலின் எங்கே தேய்கிறது, புல்லாங்குழல் எங்கே தேய்கிறது என்று எனக்குக் காட்டினார். பாடம் நடத்துவதுபோலத்தான் காட்டினார். பிறகு சொன்னார்:

“ரெண்டு வருசம் நீ எனக்குப் பக்கத்திலை இருக்கிறாய் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

மன்னியுங்கோ மாஸ்டர் என்றேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதிய கணினிக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். சிவப்பு வட்டம் கேட்கவில்லை. இனிமேல் மாற்றுவதா இல்லையா என்பதை என் காதுதான் சொல்லவேண்டும், தன்னுடையதை நம்பவேண்டாம் என்றார்.

தர்சிகாவுக்குச் சொல்ல நினைத்த மூன்றாவது விஷயம் இதுதான். கணினி எப்போது போதாமல் போகிறது என்பது அதில் வேலை செய்கிறவருக்கே கடைசியில்தான் தெரியவரும். மெல்ல மெல்லத் தேய்வது காதுக்குப் பழகிவிடும். ஆகவே, இது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருந்து, அவர் வாயை மூடிக்கொண்டால், எந்தக் கணினி வாங்கியும் பயனில்லை. நான் அப்படி வாயை மூடியிருந்தேன்.

புதிய கணினி வந்தது. பழையதை உடனே நிறுத்தவில்லை. நாடகத்தின் இசையை இரண்டிலும் காட்சி காட்சியாகப் போட்டுக் கேட்டு வித்தியாசங்களை எழுதினேன். எல்லா வாத்தியங்களும் ஒன்றாக ஓடின, ஒலி வெளியே போய்வர வேண்டிய தேவை இருக்கவில்லை. எண்பது நிமிடத்தையும் புதிதாகச் செய்து, அடுத்த வருடம் அதே பங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒருவரும் இசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பூங்காவனக் காட்சியில் சனம் அசையாமல் இருந்தது. மாஸ்டர் மேடையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு நான்கு வருடம் அவர் தினமும் வந்தார். வகுப்புகளை விட்டுவிட்டார். என் பக்கத்தில் இருந்து, தனக்குக் கேட்கிற செலோவையும் பாஸையும் கொம்பையும் கவனிப்பார். வயலின் வரும்போது என் முகத்தைப் பார்ப்பார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் என் முகத்தை எப்படி வைத்திருப்பது என்று தெரியாமல் நான் திரையைப் பார்ப்பேன். சரியில்லாத இடத்தைச் சொல்லிப் பழக எனக்கு நெடுநாள் எடுத்தது. அவர் பொறுத்திருந்து, சொல்லன் பிள்ளை என்பார்.

கடைசியாக நாங்கள் செய்தது வல்வெட்டித்துறையிலிருந்து வந்த ஒரு வேலை. கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனின் நினைவு நாளுக்கு, பாட்டில்லாமல், வெறும் இசையாகப் பத்து நிமிடம் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். மாஸ்டர் முழுவதையும் தானே எழுதினார். அதற்குள் அவர் காது இன்னும் இறங்கியிருந்தது. நடுவில் வயலின்கள் மட்டும் உச்சியில் வாசிக்கும் எட்டு அளவுகளை, இசைத்தாளில் எட்டுக் கட்டங்களை, வைத்திருந்தார். அந்த எட்டு அளவு நேரமும் அவருக்கு அறை அமைதியாகத்தான் இருந்திருக்கும்.

வாசித்துப் பதிந்து, ஓடவிட்டேன். ஐந்தாவது அளவில் நிறுத்தினேன்.

“இதிலை பிழை இருக்கு மாஸ்டர். ரெண்டாம் வயலினுக்கு எஃப் ஷார்ப் வரவேணும்.”

தாளை வாங்கிப் பார்த்தார். அழிறப்பரை எடுத்து அழித்து, சரியாக எழுதினார். வேறை என்ன என்று கேட்டார். எட்டு அளவு அதிகம், ஆறு போதும் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டும் வேண்டும் என்றார். நான் விடவில்லை. ஏழாவதும் எட்டாவதும் முதலில் வந்ததையே திரும்பச் சொல்கின்றன என்றேன். காது கேட்காதவனுக்கு என்ன தெரியும் என்று நீ நினைக்கிறாய் என்றார். அப்படி நினைக்கவில்லை, கேட்டுத்தான் சொல்கிறேன் என்றேன். அரைமணி நேரம் சண்டை பிடித்தோம். அவரிடம் வந்த அத்தனை வருடத்தில் நாங்கள் பிடித்த முதல் சண்டை அதுதான். கடைசியில் அவர் எட்டாவது அளவைக் கோடு போட்டு வெட்டினார். ஏழாவதைத் தரமாட்டேன் என்றார். அன்றைக்குப் போகும்போது படியில் நின்று திரும்பி, நாளைக்கு வாறன், மிச்சத்தையும் பார்ப்பம் என்று சொன்னார். முகம் நல்ல சந்தோசமாக இருந்தது.

அந்த வேலையைக் கொடுத்து இரண்டு மாதத்தில் மாஸ்டர் இறந்துபோனார். கனடாவிலிருந்த அவருடைய மகள் வந்து, கூடத்தை நானே நடத்தச் சொல்லிவிட்டுப் போனா.

பிறகு இரண்டுமுறை கணினி மாற்றினேன். யாரிடமும் தாள் வைத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நானே வட்டம் போட்டு, நானே பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பழையதையும் புதியதையும் ஒப்பிட அந்தப் பத்து நிமிட இசையைத்தான் போடுவேன். கடைசிக் கணினியில் வில் நரம்பைத் தொடுவதற்கு முன் வாத்தியக்காரர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. இந்தச் சத்தம் உனக்குக் கேட்குதோ என்று கேட்க யாருமில்லை.

கண் களைத்து நான் ஓய்வுபெற்ற நாளிலும் அதைத்தான் ஒருமுறை போட்டுக் கேட்டேன். ஏழாவது அளவு அதிகம்தான். எடுத்திருந்தால் இசை இன்னும் நன்றாக இருந்திருக்கும், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. கோப்பு என் கையில்தான் இருந்தது, ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். வெட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்து, கணினியை நிறுத்திவிட்டு, கதவைப் பூட்டித் திறப்பைத் தர்சிகாவிடம் கொடுத்தேன்.